முள்ளிவாய்க்காலில் நிறை பார்க்கும் நாள்

பரந்தனில் முல்லைத்தீவு பஸ் ஏறினால் ஏ-35 வீதி நீளத்துக்கும் ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு. எங்கள் வாசகிகளுக்கு இந்தப் பெயர்களை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் இதே வரிசையில்தான் பலர் நடந்தும், உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறியும் ஊர் ஊராக ஒதுங்கிப் போனார்கள். புதுக்குடியிருப்பைத் தாண்டினால் இரட்டைவாய்க்கால். அதற்கடுத்தது முள்ளிவாய்க்கால்.

ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். பனையும் தென்னையும், இடையிடையே வேலி அடைத்த வளவுகளும். தெற்கே வட்டுவாகல் பாலத்தைக் கடந்தால் முல்லைத்தீவு நகரம். 2004 டிசெம்பர் 26இல் இந்தக் கரையைக் கடல் அடித்தது. ஐந்து ஆண்டுகள் முடியுமுன் போர் வந்து இதே கரையில் முடிந்தது. மே 18ஆம் திகதி இங்கே வந்து விளக்கேற்றிப் போகிறவர்கள் பலர். ஆனால் மற்றைய நாட்களிலும் இது ஓர் ஊர். இறாலுக்கு வலை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். கச்சான் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் சின்னத் தண்ணீர்ப் போத்தலைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது இந்தப் பிள்ளைகளைப் பற்றி.

சகோதரிகளே, கட்டுரையில் வரும் குடும்பத்தை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். பேச்சும் பிரச்சினையும் மாறவில்லை.

தராசும் தாய்மாரும்

நிறை பார்க்கும் நாளில் பொதுநோக்கு மண்டபத்து விறாந்தையில் பாய் விரித்திருப்பார்கள். கைக்குழந்தைகளுக்குத் தொங்கு தராசு, நிற்கக்கூடிய பிள்ளைகளுக்கு நிலத்தில் வைக்கும் தராசு. குடும்பநல மாது நிறையைப் பார்த்துச் சொல்ல, உதவிக்கு நிற்கும் பிள்ளை கிளினிக் கொப்பியில் புள்ளி போடுவாள். தாய்மாரின் கண் தராசு முள்ளில் இருக்கும். போன முறையைவிடக் கூடியிருந்தால் முகம் மலரும். குறைந்திருந்தால் அடுத்தவர் பார்க்குமுன் கொப்பியை மூடிவிடுவார்கள்.

அன்று ஒரு தாய் நான்கு வயது மகளோடு வந்திருந்தார். பிள்ளை நல்ல துடியாட்டம், கொழுகொழு கன்னம். பக்கத்தில் இருந்தவர்கள், "நல்லா வளத்திருக்கிறியள்" என்று சொன்னார்கள். தாய்க்குப் பெருமை. பிள்ளையின் உயரம் 102 சென்ரிமீற்றர், நிறை 21 கிலோ. அந்த உயரமுள்ள பெண்பிள்ளைக்கு 16 கிலோ அளவுதான் நடுத்தரம். குடும்பநல மாது கொப்பியைத் திருப்பிக் காட்டி, புள்ளி மேல் கோட்டைத் தாண்டியிருப்பதை மெதுவாக விளங்கப்படுத்தினார். தாயின் முகம் மாறியது. "மற்றத் தாய்மாருக்குப் பிள்ளை மெலிவு எண்டு பேச்சு. எனக்குப் பிள்ளை கொழுப்பு எண்டு பேச்சா?" என்று கேட்டுவிட்டுக் கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வேறோர் இடத்தில் முன்பு யாரோ அவரிடம், "பிள்ளைக்கு அள்ளிக் கொட்டுறீங்களோ" என்று நாலுபேர் முன்னிலையில் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காயத்தின் மேல்தான் இந்தப் புள்ளியும் விழுந்திருக்கிறது. இனி அவர் நிறை பார்க்க வராமல் விட்டுவிடுவாரோ என்பதே எங்கள் கவலையாக இருந்தது. தராசைக் கைவிட்ட தாய்க்குப் பிறகு தடுப்பூசியும் தள்ளிப்போகும், மற்றைய ஆலோசனைகளும் எட்டாமல் போகும்.

ஒரு வாய் மாமாவுக்கு

இரண்டு கிழமை கழித்து அவருடைய வீட்டுக்குப் போனேன். "வாங்கோ மிஸ், இருங்கோ" என்று கதிரை தந்தார். நிறையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். அம்மம்மா பேத்திக்குத் தீத்திக்கொண்டிருந்தார். குழைத்த சோற்றை உருண்டை பிடித்து, "இது அம்மாவுக்கு ஒரு வாய், இது அப்பாவுக்கு ஒரு வாய்" என்று கொடுத்தார். பிள்ளை தலையைத் திருப்பினாள். கோப்பையில் இன்னும் ஒரு பிடி இருந்தது. "இது மாமாவுக்கு ஒரு வாய். மாமா பாவமெல்லே" என்றார். பிள்ளை வாயைத் திறந்தாள்.

அந்த மாமா தாயின் தம்பி. 2009இல் தாய்க்குப் பதினொரு வயது, தம்பிக்கு இரண்டு வயது. இதே மண்ணில் பதுங்குகுழிக்குள் இருந்த நாட்களில் அவன் பால்மா கேட்டு அழுதிருக்கிறான். கிடைத்தது கஞ்சி. அரிசியும் உப்பும் நிறையத் தண்ணீரும். அவன் செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேரவில்லை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பால்மா என்ற சொல்லுக்கு இந்தப் பகுதியில் உள்ள கனம் வெளியூரவருக்கு விளங்காது. 2009 ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பிள்ளைகளுக்குப் பால்மா வாங்க வரிசையில் நின்ற தாய்மார் மீதும் பிள்ளைகள் மீதும் எறிகணை விழுந்ததை, 2011இல் வெளியான ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. இறந்த தாய்மார் சிலரின் கையில் பால்மா அட்டை இருந்ததையும் அது சொல்கிறது. அந்த வரிசையைப் பார்த்த பெண்ணொருத்தி இன்று தன் பிள்ளைக்கு மூன்று வேளையும் பால்மா கரைத்துக் கொடுத்தால், அதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

முகாமிலும் உணவு பங்கீடாகத்தான் வந்தது. அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதற்குள் பல வீடுகளில் குரக்கனும் ஒடியலும் மறந்து, கோதுமை மா ரொட்டியும் சீனித் தேத்தண்ணியும் அன்றாடமாகிவிட்டன. ஊருக்குத் திரும்பியவர்களிடம் காணியும் வலையும் ஒழுங்காக வருமுன் கடைத்தீன் வந்து சேர்ந்தது. அதுதான் மலிவு, அதுதான் பிள்ளை அழாமல் வாங்குவது.

அந்தத் தாய் சொன்ன ஒரு வார்த்தையை இங்கே எழுதுகிறேன். "மெலிஞ்ச பிள்ளையைக் கண்டால் எனக்கு இரவிலை நித்திரை வராது மிஸ். இவளின்ரை கையைப் பிடிச்சுப் பாத்து, சதை இருக்கெண்டு தெரிஞ்சாத்தான் கண் மூடுவன்."

நூற்றில் இருவர் என்றாலும்

இலங்கையில் 2016இல் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாமல் மெலிந்தவர்கள். நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதிக நிறை உள்ளவர்கள் நூற்றுக்கு 2 பேர்தான். இதற்கு முந்திய 2006-07 ஆய்வில் போர் காரணமாக வடமாகாணம் சேர்க்கப்படவே இல்லை. எங்கள் பிள்ளைகள் அப்போது கணக்கில் இருக்கவில்லை.

ஆகவே எங்கள் ஊர்களில் முதல் பிரச்சினை இன்னமும் மெலிவுதான். இதை மறந்து யாரும் பிள்ளையின் சோற்றைக் குறைக்கக்கூடாது. 1973இலிருந்து நாட்டில் வழங்கப்படும் திரிபோஷா மெலிந்த பிள்ளைகளுக்காகத்தான் வருகிறது. ஆனால் அதே விறாந்தையில், அதே பாயில், மற்றப் பக்கத்துப் பிள்ளையும் இருக்கத் தொடங்கிவிட்டது. சில வீடுகளில் அக்கா மெலிவு, தங்கச்சி அதிக நிறை. மெலிந்த அக்காவுக்குக் கொடுத்த திரிபோஷாவைத் தங்கச்சியும் சேர்ந்து சாப்பிடுகிறாள். உலகில் 2024இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றரைக் கோடிப் பேர் அதிக நிறையுடன் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது பணக்கார நாடுகளின் பிரச்சினை மட்டும் அல்ல.

"சின்னப் பிள்ளைதானே, வளர வளரச் சரியாகிவிடும்" என்பார்கள். ஜேர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் நிறையைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018இல் எழுதியது வேறு. மூன்று வயதில் உடற்பருமனோடு இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 90 பேர் பதின்ம வயதிலும் அதிக நிறையோடு அல்லது உடற்பருமனோடு இருந்தார்கள். நிறை வேகமாக ஏறிய காலம் இரண்டுக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட வயது. அதாவது முன்பள்ளிக் காலம்.

போரையும் பசியையும் அறிந்த எங்களுக்கு இன்னொரு நாட்டின் கதையும் தெரிந்திருக்க வேண்டும். நைஜீரியாவில் 1967 முதல் 1970 வரை நடந்த பயாப்ரா போரில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. அக்காலத்தில் கருவிலோ கைக்குழந்தையாகவோ இருந்தவர்களை நாற்பது வயதளவில் பரிசோதித்து 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பஞ்சத்துக்குப் பின் பிறந்தவர்களைவிட இவர்களிடம் உயர் குருதி அமுக்கமும், குருதியில் சீனி கூடும் தன்மையும், அதிக நிறையும் கூடுதலாக இருந்தன. பசியில் உருவான உடல், பிற்பாடு வரும் உணவைத் தாங்கும் விதம் வேறாக இருக்கக்கூடும். 2009இல் வன்னித் தாய்மாரின் வயிற்றில் இருந்த பிள்ளைகள் இன்று குமர்ப்பிள்ளைகளாகவும் இளைஞர்களாகவும் நிற்கிறார்கள். நாளைக்கு அவர்களும் தாய் தந்தையர். பயப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பசியை அறிந்த ஊருக்குத் தராசு இருபக்கமும் தேவை என்பதற்காகச் சொல்கிறேன்.

நிறையைக் குறைப்பதல்ல, நிறுத்தி வைப்பது

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு உணவுக் கட்டுப்பாடு போட்டு நிறையைக் குறைப்பது பொதுவாக நோக்கம் அல்ல. முன்பள்ளி வயதுப் பிள்ளை ஆண்டுக்கு ஆறு ஏழு சென்ரிமீற்றர் வளரும். நிறை ஏறும் வேகத்தைத் தணித்து, ஏறக்குறைய அதே அளவில் வைத்திருந்தால், உயரம் கூடிக்கூடிப் பிள்ளை தன் நிறைக்குப் பொருந்தி வரும். பட்டினி போடவோ, வேளைச் சாப்பாட்டை நிறுத்தவோ வேண்டியதில்லை. போடவும் கூடாது.

இதைச் சொன்னபோது அந்தத் தாய் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அப்ப பிள்ளை மெலியாதோ?" என்று கேட்டார். "மெலிய வைக்கச் சொல்லேல்லை அம்மா. வளர விடச் சொல்லுறம்" என்று கூட வந்த குடும்பநல மாது சொன்னார். அதன் பிறகுதான் கதை ஓடியது.

அமெரிக்காவில் எலின் சற்ரர் என்னும் போசணை ஆலோசகர் பெற்றோருக்குச் சொல்லிவந்த முறை ஒன்று இருக்கிறது. என்ன உணவு, எப்போது, எங்கே இருந்து சாப்பிடுவது என்பவை பெரியவரின் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்க எளிது. ஆனால் பசியை அறிந்த வீட்டில் இதைவிடக் கடினமான வேலை வேறில்லை. பிள்ளை தலையைத் திருப்பினால் வயிறு நிறைந்துவிட்டது என்று நம்ப வேண்டும். கோப்பையில் மிச்சம் இருக்கும்போது கையை நிறுத்த வேண்டும்.

அந்த வீட்டில் சீனிக் கணக்கைச் சேர்ந்திருந்து பார்த்தோம். நான்கு வயதாகியும் பிள்ளை பால்ப் போத்தலில்தான் குடிக்கிறாள். நாளுக்கு மூன்று போத்தல். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. தேக்கரண்டி ஒன்று 5 கிராம் என்றால் பாலிலேயே 30 கிராம். சேர்க்கும் சீனி நாளாந்தச் சக்தித் தேவையின் 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது ஏறத்தாழ 16 கிராம், மூன்று தேக்கரண்டி. பிஸ்கட்டும் டொபியும் யூசும் வாய்க்கு வருமுன்னரே கணக்கு ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது.

"இவ்வளவோ?" என்று அம்மம்மா கேட்டார். அவரே சீனிப் போத்தலைத் தூக்கி மேல்தட்டில் வைத்தார்.

அந்த வீடு மாற்றியவை

பெரிய பட்டியல் எதுவும் நாங்கள் கொடுக்கவில்லை. அவர்களே மாதத்துக்கு ஒன்றைத் தெரிந்தெடுத்தார்கள்.

முதலில் பால். போத்தலை நிறுத்திக் கப்பில் கொடுத்தார்கள். மூன்று வேளை இரண்டானது. சீனியைக் கிழமைக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து, இரண்டாம் மாதத்தில் இல்லாமலே பிள்ளை குடித்தாள். முதல் மூன்று நாள் அழுதாள் என்பது உண்மைதான்.

அடுத்தது கடைத்தீன். பின்நேரப் பிஸ்கட்டுக்குப் பதிலாக அவித்த கச்சான், அவித்த பயறு, காலத்துக்குப் பனங்கிழங்கு, வாழைப்பழம், பப்பாசி. கச்சானைச் சின்னப் பிள்ளைக்கு முழுதாகக் கொடுக்க வேண்டாம், விக்கிவிடும். நசித்துக் கொடுங்கள். சோடா வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். 2016இலிருந்து நாட்டில் இனிப்புப் பானங்களுக்கு நிற அடையாளம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மம்மாவுக்கும் சிவப்பு தெரியும்.

மூன்றாவது கோப்பை. பெரியவர்களின் கோப்பையில் போட்டால் பெரியவர்களின் அளவுதான் விழும். பிள்ளைக்குச் சின்னக் கோப்பை எடுத்தார்கள். முதலில் குறைய வைப்பது, கேட்டால் பிறகு வைப்பது. பாதிக் கோப்பைக்கு மரக்கறியும் கீரையும், மிச்சத்தில் சோறும் மீனும். முருங்கையிலை வேலியிலேயே நிற்கிறது. வல்லாரையும் பொன்னாங்காணியும் சந்தையில் மலிவு. இறாலும் சின்ன மீனும் நந்திக்கடல் தருகிறது. பொரியலைக் குறைத்துக் குழம்பாகவும் சொதியாகவும் வைத்தார்கள். இரவில் கோதுமை மா ரொட்டிக்குப் பதிலாகக் கிழமையில் இரண்டு நாள் குரக்கன் புட்டு. இதை எல்லோரும் சாப்பிட்டார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்றால் அந்தப் பிள்ளை தண்டனை என்று நினைக்கும்.

நான்காவது விளையாட்டு. இதற்குள்ளும் போர் இருக்கிறது. மிதிவெடிப் பயத்தில் வளர்ந்த தாய்மாருக்குப் பிள்ளை வளவைத் தாண்டினால் நெஞ்சு பதறும். கண்ணிவெடி அகற்றிய காணி என்று பலகை நட்ட பிறகும் அந்தப் பதற்றம் போகாது. அதனால் பிள்ளை விறாந்தையில், கையில் போனோடு. மூன்று நான்கு வயதுப் பிள்ளை நாளில் மொத்தம் 180 நிமிடம் உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும், திரை பார்ப்பது ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது, பத்து முதல் பதின்மூன்று மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்தது. 180 நிமிடம் என்றால் பெரிதாகத் தெரியும். முற்றம் கூட்டும்போது ஒரு சின்ன விளக்குமாறு, கோழிக்குத் தீன் போடுவது, கிளித்தட்டு, கெந்தித்தொடுவது எல்லாம் சேர்த்தால் வந்துவிடும். அந்த ஒழுங்கையில் நாலு தாய்மார் முறைவைத்துப் பின்நேரங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு தாய். மற்ற மூவருக்கும் வேலை செய்ய நேரம் கிடைத்தது.

ஐந்தாவது வெளிநாட்டுச் சொக்கிலேற். கனடாவிலிருந்து சித்தப்பா வந்தால் பெட்டி நிறைய வரும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. அது அவருடைய அன்பு. அவருக்குப் போனில் தாயே சொன்னார்: "அடுத்த முறை இவளுக்கு ஒரு பந்தும் சப்பாத்தும் கொண்டுவாங்கோ." வந்த சொக்கிலேற்றை முன்பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொன்றாகப் பகிர்ந்தார்கள்.

வெட்கப்படுத்தாதீர்கள்

பிள்ளையைக் குண்டு, பூசணி, ஆனைக்குட்டி என்று செல்லமாகவும் கூப்பிடாதீர்கள். அவள் முன்னால் நிறையைப் பற்றிக் கதைக்காதீர்கள். தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். பெண்ணே தனித்து நடத்தும் குடும்பங்கள் நிறைந்த பகுதி இது. காலையில் கூலி வேலைக்குப் போய்ப் பின்நேரம் வரும் தாய், வழியில் ஒரு பிஸ்கட் பக்கற் வாங்கி வருவது சோம்பலால் அல்ல. பகல் முழுவதும் பிரிந்திருந்ததற்கு அவர் கொடுக்கும் ஈடு அது. அந்த ஈட்டை வேறு வழியில் கொடுக்கலாம் என்று காட்டுவதே எங்கள் வேலை. வந்தவுடன் கால்மணி நேரம் பிள்ளையோடு இருப்பது, தலை வாரிவிடுவது, ஒரு கதை சொல்வது போதும்.

தாயைக் குறைகூறாமல் சேர்ந்து நடப்பது வெறும் நல்ல குணம் மட்டும் அல்ல, பயன் தரும் முறையும்தான். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் ஹென்றி என்ற திட்டத்தின் கீழ் சின்னப் பிள்ளைகளின் பெற்றோரைக் குழுவாகச் சேர்த்து எட்டு வாரங்கள் கதைத்தார்கள். உணவு அட்டவணையைக் கையில் திணிக்காமல், வீட்டில் எது இயலும் என்று பெற்றோரையே கேட்டார்கள். அந்நகரில் பாடசாலையில் சேரும் பிள்ளைகளிடையே உடற்பருமன் 2009-10இல் 9.4 சதவீதமாக இருந்து 2016-17இல் 8.8 ஆகக் குறைந்தது. வறிய பகுதிகளில் குறைவு இன்னும் கூட. அத்திட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஏழைத் தாய்மாரோடு பொறுமையாகக் கதைப்பது வீண்போகாது என்பதற்கு அது ஒரு சாட்சி.

சில அடையாளங்கள் இருந்தால் வீட்டுமுறையோடு நிற்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பிள்ளை உயரம் கூடாமல் நிறை மட்டும் கூடுவது, நித்திரையில் பலமாகக் குறட்டை விடுவது, கொஞ்சம் ஓடினாலே மூச்சிரைப்பது, முழங்கால் நோவது, கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடிப்பது என்பன அவை. நிறை பார்க்கும்போது உயரத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நிறையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மெலிந்த பிள்ளையின் தாய், பக்கத்து வீட்டைப் பார்த்துப் பாலைக் குறைக்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் கொப்பி.

காகத்துக்கு ஒரு பிடி

எல்லாம் மாறியும் ஒன்று மாறவில்லை. அந்தக் கடைசி வாய். "மாமாவின்ரை வாயை மட்டும் நிப்பாட்டச் சொல்லாதை பிள்ளை" என்று அம்மம்மா என்னிடம் சொன்னார். நிறுத்தச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. மகனை இழந்த தாயிடம் அதைக் கேட்கும் தகுதி எந்தப் படிப்பும் எனக்குத் தரவில்லை.

மே மாதத்தில் இந்த ஊரில் கஞ்சி காய்ச்சிச் சிரட்டையில் கொடுக்கிறார்கள். பிள்ளைகளும் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கிறார்கள். அன்று தாய் மகளுக்கு முதன்முறையாகக் கஞ்சியின் கதையைச் சொல்லியிருக்கிறார். உப்பும் அரிசியும் மட்டும்தான் இருந்தது, அதையும் எல்லோருக்கும் பங்கிட்டோம், மாமாவும் குடித்தார் என்று. பிள்ளை கேட்டிருக்கிறாள்: "மாமாவுக்கு இப்ப பசிக்குமோ?" வீட்டில் யாருக்கும் பதில் வரவில்லை.

அடுத்த நாளிலிருந்து அம்மம்மா ஒரு புது வழக்கம் தொடங்கினார். சோறு ஆக்கியதும் முதல் பிடியை வாழையிலைத் துண்டில் வைத்து வேலிக்கரையில் காகத்துக்கு வைக்கிறார். பேத்திதான் கூப்பிடுகிறாள். "மாமா சாப்பிட்டிட்டார்" என்று ஓடிவந்து சொல்லிவிட்டுத் தன் சின்னக் கோப்பையின் முன் இருக்கிறாள். போதும் என்று அவள் சொன்னால் இப்போது அம்மம்மாவின் கை நிற்கிறது. மிச்சத்தைக் கோழிக்குப் போடுகிறார்கள். அதற்குப் பழகத் தனக்குத்தான் நாள் எடுத்தது என்று அம்மம்மா சொன்னார்.

முதல் முறை நிறை பார்த்து ஆறு மாதம் ஆனபோது தாய் மகளைத் தராசுக்குக் கூட்டிவந்தார். நிறை அதே 21 கிலோ. உயரம் 105 சென்ரிமீற்றர். கொப்பியில் புள்ளி இன்னும் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான். ஆனால் கோட்டை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. குடும்பநல மாது அதைக் காட்ட, தாய் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மகளின் கையைப் பிடித்துப் பார்த்தார். சதை இருந்தது.

இதை வாசிக்கும் சகோதரிகளில் எத்தனையோ பேர் பசித்த பிள்ளையை மடியில் வைத்திருந்தவர்கள். உங்களுக்கு உணவின் அருமையை யாரும் கற்பிக்க முடியாது. நான் கேட்பது ஒன்றே. உங்கள் பிள்ளையின் வயிறு அவளுடைய இன்றைய பசிக்கு மட்டும் உரியது. 2009இன் பசிக்கு அவளைக் கொண்டு ஈடுசெய்ய முடியாது. கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். புள்ளி கோட்டுக்குக் கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் அடுத்த நிறை பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள். அன்று அங்கே யாராவது உங்களைக் கடிந்து பேசினால், எழுந்து போகாமல் உயரத்தையும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.